அனுமதியா, அஸ்திவாரமா, கதவா: வடசென்னையின் புது வீடுகளை எதை வைத்து எண்ணுவது?

கொருக்குப்பேட்டையில் இந்த வருஷம் எத்தனை புது வீடுகள் வந்தன? பிளான் அப்ரூவல் வாங்கியவற்றை எண்ணலாம், அஸ்திவாரம் தோண்டியவற்றை எண்ணலாம், குடிபோகத் தயாரானவற்றையும் எண்ணலாம். மூன்றும் மூன்று விடை தரும்.

அமெரிக்க சென்சஸ் துறை இந்த மூன்றையும் தனித்தனியாக மாதாமாதம் வெளியிடுகிறது. அடித்தளத்துக்கு மண் தோண்டினால் வீடு தொடங்கிவிட்டது. அடுக்குமாடி என்றால் தோண்டியதுமே அதிலுள்ள எல்லா வீடுகளும் தொடங்கியதாகக் கணக்கு. பாதி வீடுகள் குடியேறத் தயாரானாலே மொத்தக் கட்டடமும் முடிந்ததாகிவிடும். பழைய வீட்டை இரண்டாகப் பிரித்தால் அது இந்தக் கணக்கில் வராது.

நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது அனுமதி எண்ணிக்கைதான். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கலாம். சின்ன மனைகள் நிறைந்த வடசென்னைக்கு இது நல்ல விஷயம். ஆனால் அனுமதி வாங்கியவர் கட்டி முடித்தாரா? சின்ன வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்று 2019 கட்டட விதிகளே விலக்கு தந்துவிட்டன. எட்டு வீடுகளுக்கு மேல் உள்ள அடுக்குமாடித் திட்டமோ ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவாக வேண்டும், நிறைவுச் சான்றிதழும் வாங்க வேண்டும். ஆக, நிறைவை மட்டும் எண்ணினால் மாதவரத்தின் பெரிய அடுக்குமாடி தெரியும், வியாசர்பாடிச் சந்தில் எழுந்த மாடி வீடு தெரியாது.

இந்த இடத்தில்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முறை எனக்குப் பிடிக்கிறது. தனி வாசல் இருந்தால் தனி வீடு. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும் கூரை முடிந்திருந்தால் எண் போடுவார்கள். ராயபுரத்தில் ஒரே வீட்டைத் தடுத்து மூன்று போர்ஷனாக விட்டாலும் மூன்று கதவும் கணக்கில் வரும். ஒரே குறை, 2011 கணக்கெடுப்புக்கு அப்புறம் மறுபடி வீட்டுப் பட்டியல் எடுக்க 2026 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இபி மீட்டரை எண்ணலாமே என்பார்கள். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று இருப்பதால் ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் வைத்தவர்களும் உண்டு, ஒரே இணைப்பில் சப்மீட்டர் போட்டு நான்கு குடித்தனம் விட்டவர்களும் உண்டு. அதை நம்பி எண்ண முடியாது.

இவற்றையெல்லாம் விட முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் வருஷாவருஷம் நிகரக் கூடுதலை எண்ணுகிறார்கள்: புதிதாகக் கட்டியவை, பிரித்தவை, கடையிலிருந்து வீடாக மாறியவை எல்லாவற்றையும் கூட்டி, இடித்ததைக் கழிக்கிறார்கள். வடசென்னைக்கு அந்தக் கழித்தல்தான் வேண்டும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட பிளாக் இடிந்து விழுந்தது. அந்த இடத்தில் மறுபடி 24 வீடுகள் கட்டினால் புதுக் கட்டுமானக் கணக்கு 24 என்று சொல்லும். நிகரக் கணக்கில் வீடு இழந்ததும் திரும்பக் கிடைத்ததும் சேர்ந்து பூஜ்யம். பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டும் ஒவ்வொரு திட்டத்துக்கும் இது பொருந்தும். புது வீடு வரும்வரை அங்கிருந்த குடும்பங்கள் வெளியே வாடகைக்கு இருப்பதால், இடித்த வருஷத்தில் வீட்டுத் தட்டுப்பாடு கூடத்தான் செய்கிறது.

என் தேர்வு, கதவை எண்ணும் நிகரக் கணக்கு. திருவொற்றியூர் முதல் திரு.வி.க. நகர் வரையிலான ஆறு மண்டலங்களிலும், சொத்து வரிக்குப் புதிதாகச் சேர்ந்த கட்டடங்களில் எத்தனை தனி வாசல் என்று குறித்து, இடித்த வீடுகளைக் கழித்து, மாநகராட்சி வருஷம் ஒருமுறை வார்டு வாரியாக வெளியிட வேண்டும்.