சாப்பாட்டுப் பையா, கடினப் பெட்டியா? செட்டிநாட்டுப் புழுதியில் ஃபிலிம் ஹோல்டர்கள்

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பைப் படம் பிடித்து வந்து அச்சுப் போட்டுப் பார்த்தபோது, வானத்தில் பதினொரு கரும்புள்ளிகள் இருந்தன. உட்கார்ந்து எண்ணினேன். வீடு என்னவோ நன்றாகத்தான் விழுந்திருந்தது. மாடத்துச் சுதைப் பொம்மையின் மூக்கு வரை தெளிவு. வானம் மட்டும் மிளகுத்தூள் தூவிய மோர்போல இருந்தது. செட்டிநாட்டுச் செம்மண், கேமராவில் செருகும் என் ஃபிலிம் உறையான ஹோல்டருக்குள் குடிபுகுந்திருக்கிறது.

தூசியில் இரண்டு வகை உண்டு. அச்சிடும்போது நெகட்டிவின் மேல் ஒட்டிக்கொள்ளும் தூசி அச்சில் வெள்ளைப் புள்ளியாக விழும். மெல்லிய தூரிகையில் மை தொட்டு மறைத்துவிடலாம். படம் பிடிப்பதற்கு முன்பே ஃபிலிமின் மேல் உட்கார்ந்துவிட்ட தூசி அப்படியல்ல. அது வெளிச்சத்தை மறித்துவிடுவதால் நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாகிறது, அச்சில் கறுப்பாகிறது. தாளைக் கெடுக்காமல் பிளேடு நுனியால் சுரண்டி எடுக்க வேண்டும். பதினொரு முறை சுரண்டிய பிறகுதான் ஹோல்டர்களை எதில் சுமக்கிறோம் என்பதை நான் ஒரு பொருட்டாக நினைக்கத் தொடங்கினேன்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 4×5 அங்குல ஷீட் ஃபிலிமுக்கான (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக இருக்கும் ஃபிலிம்) ஹோல்டர் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலம், 19 நீளம், ஒரு விரல் தடிமன். முன்னும் பின்னுமாக ஒன்றில் இரண்டு ஷீட். ஒவ்வொரு ஷீட்டையும் டார்க் ஸ்லைடு என்னும் மெல்லிய தகடு மூடியிருக்கும். அதன் பிடி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் ஃபிலிம் இன்னும் படம் காணாதது. எடுத்து முடித்ததும் கறுப்பைத் திருப்பிச் செருகுவோம். பத்து ஹோல்டர் என்றால் இருபது படம். என் சமையலறைத் தராசில் ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கேமராவும் முக்காலியும் தனிச் சுமை.

மூன்று வழிகளைச் செட்டிநாட்டு ஊர்களில் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒன்று, ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பெலிக்கன் வகைக் கடினப் பெட்டி. இரண்டு, அலுவலகத்துக்குச் சாப்பாடு எடுத்துப்போகும் சூடுகாப்புப் பை, அதற்குள் ஒவ்வொரு ஹோல்டருக்கும் ஒரு ஜிப் கவர். மூன்று, தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த அறைகள் கொண்ட துணிப்பை.

கடினப் பெட்டியில் எனக்குக் குறை சொல்ல முடியாத ஒரு விஷயம், அது மூடியிருக்கும்போது எதுவும் உள்ளே போகாது. ஐபி67 என்று முத்திரை இருந்தால் தூசி முற்றாகத் தடைபடும், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நனையாது என்று பொருள். ஊருணியில் தவறி விழுந்தால் மிதக்கவே செய்யும். ஆனால் நான் ஊருணியில் படம் எடுக்கப் போகவில்லை. என் சிக்கல், பெட்டியைத் திறந்தால்தான் ஹோல்டரை எடுக்க முடியும் என்பது. மூடியைத் தூக்கியதும் பத்து ஹோல்டர்களும் ஒருசேர வானம் பார்க்கின்றன. ஆத்தங்குடிச் சாலையோரம் நிற்கும்போது ஒரு டிராக்டர் போனால் போதும், அந்தப் புழுதி முழுவதும் பெட்டிக்குள் இறங்கிவிடும். பிறகு மூடினால், அந்த ரப்பர் வளையம் எவ்வளவு திறமையாகத் தூசியை வெளியே நிறுத்துமோ அவ்வளவு திறமையாக உள்ளேயும் நிறுத்திவைக்கும். குலுங்கும் காரில் அது தானாகவே ஹோல்டர்களின் இடுக்குகளைத் தேடிப்போகும். என் பதினொரு புள்ளிகள் அந்தப் பெட்டியிலிருந்து வந்தவைதான்.

வெயில் இரண்டாவது கணக்கு. பெட்டி கறுப்பு. கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திரும்பினேன். மூடியில் கை வைத்து நிறுத்த முடியவில்லை. உள்ளே இருந்த நுரைப் பஞ்சும் சுட்டது. ஒரு பிற்பகலில் ஃபிலிம் உருகிவிடாதுதான். ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் நாள் கணக்கில் கிடந்தால் பனி மூடியது போன்ற படலம் ஏறும். வண்ண ஃபிலிமாக இருந்தால் நிறமும் நகர்ந்துவிடும்.

மூன்றாவது, வீட்டுக்காரர்கள். முகப்பிலிருந்து வளவு என்னும் உள்முற்றப் பகுதிக்குள் போனால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. கண்ணாடிப் பலகை மேல் நிறச் சிமெண்டு ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, பதித்த பிறகு எண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து மெருகேற்றியது. அதன் மேல் என் பெட்டியைப் படக்கென்று வைத்தபோது, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி இரண்டாம் கட்டிலிருந்தே குரல் கொடுத்தார்: "தம்பி, பெட்டியைத் தரையில் இழுக்காதீர்கள், கல் கீறிவிடும். திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள்." திண்ணைக்கும் வளவுக்கும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் நடந்தேன். அன்று எடுத்தது ஆறு படம்.

அடுத்த முறை சாப்பாட்டுப் பையோடு போனேன். அதே ஆச்சி ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தம்பி, கட்டுச்சோறா?" திறந்து காட்டினேன். "சோற்றுப் பையில் போட்டோவா!" என்று சிரித்துவிட்டு, பையைப் பட்டாலையில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

இந்தப் பையின் விலை கடினப் பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பாத்திரக் கடையில் கிடைக்கும். வாங்கப்போகும்போது ஒரு ஹோல்டரைக் கையோடு எடுத்துப்போய் உள்ளே நிறுத்திப் பாருங்கள். அடுக்குக் கேரியருக்காகச் செய்த உயரமான பை வேண்டாம், சதுர டப்பாக்களுக்காகச் செய்த அகலமான பைதான் சரி. உள்ளே வெள்ளித்தாள் போன்ற உறை, நடுவில் நுரை. அந்த நுரை அடியையும் கொஞ்சம் தாங்கும். இரவு வீட்டின் குளிர்ந்த அறையில் திறந்துவைத்து, விடியற்காலையில் மூடி எடுத்துப்போனால் முற்பகல் வரை உள்ளே சூடு ஏறாது. ஐஸ் கட்டியோ குளிர்ந்த பாட்டிலோ மட்டும் கூடாது. குளிர்ந்த ஹோல்டரைக் காரைக்குடிக் காற்றில் திறந்தால் மோர்ச்சொம்பின் மேல் வியர்ப்பது போல ஃபிலிமின் மேல் வியர்க்கும்.

ஆனால் உண்மையான வேலையைச் செய்வது பை அல்ல, ஜிப் கவர். ஹோல்டருக்கு ஒன்று. பை திறந்திருந்தாலும் மற்ற ஒன்பதும் மூடியே இருக்கின்றன. புழுதிக்கு ஒன்றுதான் அகப்படும், அதுவும் அரை நிமிடம். கவரின் வழியே பிடியின் வெள்ளையும் கறுப்பும் தெரிவதால் எது எடுத்தது, எது எடுக்காதது என்று திறக்காமலே பார்க்கலாம். ஒரு நாள் முடிந்து வெள்ளைக் கைக்குட்டையால் உள்ளே துடைத்துப் பார்த்தேன். பையின் அடியில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு. கவர்களுக்குள் துடைத்த இடம் வெள்ளையாகவே இருந்தது. கடினப் பெட்டியில் இதே சோதனையில் கைக்குட்டையைத் துவைக்கப் போட வேண்டியிருந்தது.

கவரிலும் குறை இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் உரசினால் மின்னேற்றம் உண்டாகும். பங்குனி மாதத்து வறண்ட காற்றில் அது தூசியைக் கூப்பிட்டு ஒட்டவைக்கும். ஆகவே ஹோல்டரைக் கவரிலிருந்து உருவக் கூடாது, கவரை அகல விரித்து எடுக்க வேண்டும். டார்க் ஸ்லைடை இழுப்பதும் அப்படித்தான், வெடுக்கென்று இல்லாமல் நிதானமாக. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை: ஈரக் காற்றோடு சேர்த்து மூடினால் ஈரமும் உள்ளேயே இருக்கும், ஷீட் லேசாக உப்பும். வளவில் முப்பது நொடி, ஒரு நிமிடம் என்று ஷட்டரைத் திறந்து வைக்கும்போது அந்த உப்பல் நகர்ந்தால் பர்மாத் தேக்குத் தூண் இரண்டாகத் தெரியும். ஹோல்டரைக் கேமராவில் செருகி, ஸ்லைடை இழுத்து, சில நிமிடம் பொறுத்துவிட்டு எடுப்பதைத் தவிர நான் கண்ட மருந்து இல்லை.

துணிப்பையின் கதை சிறியது, செலவு பெரியது. காரைக்குடியில் ஒரு தையற்காரரிடம் தடித்த கான்வாஸில் ஆறு அறைகள் வைத்துத் தைக்கச் சொன்னேன். "எத்தனை இறுக்கம் வேண்டும் அண்ணே?" என்று கேட்டார். ஆடக் கூடாது என்றேன். ஆடவே இல்லை. பிடி மேலே இருக்கும்படி செருகி, கீழக்கோட்டை வீடு ஒன்றின் மாடியில் ஒன்றை வெளியே இழுத்தபோது, ஹோல்டர் அறைக்குள்ளேயே நின்றது, டார்க் ஸ்லைடு மட்டும் என் கையோடு வந்தது. ஸ்லைடைப் பிடித்துவைக்கும் சிறு கொக்கியை நான் திருப்பியிருக்கவில்லை. அதற்குத் தையற்காரர் பொறுப்பல்ல. ஆனால் மற்ற இரண்டு முறைகளிலும் அந்த மறதி மன்னிக்கப்பட்டிருக்கும். இறுக்கமான அறை மன்னிக்காது. போதாததற்குக் கான்வாஸ் நூல் பிரிந்து, ஸ்லைடு நுழையும் வாயில் இருக்கும் வெல்வெட்டில் ஒட்டுகிறது. தூசிக்குப் பதில் நூல். முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய டிரங்குப் பெட்டியையும் ஒரு தடவை முயன்றேன். துருப்பொடி செம்மண்ணைவிட மோசம். பனையோலைக் கொட்டானையும் முயலச் சொன்ன நண்பர் ஒருவர் உண்டு. கொட்டானில் வெற்றிலை பாக்கு வைக்கலாம்.

ஆக, கார் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நாள் முழுவதும் வேலை என்றால், அல்லது சென்னையிலிருந்து ரயிலில் ஏற்றி, இருக்கைக்கு அடியில் தள்ளி, காரைக்குடிச் சந்திப்பில் இறக்குவது வரை என்றால், கடினப் பெட்டியை வெல்ல ஆள் இல்லை. நான் இப்போது அதை அதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். அதற்குள்ளும் ஹோல்டர்கள் ஜிப் கவரோடுதான் போகின்றன. ஊருக்குள் நடப்பதற்கும், வீடுகளுக்குள் நுழைவதற்கும், கோயில் பிராகாரத்தில் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பதற்கும் சாப்பாட்டுப் பை. இரண்டு பை என்றால் இன்னும் நல்லது: வெள்ளைப் பிடிகள் ஒன்றில், கறுப்புப் பிடிகள் மற்றதில். ஒரே ஷீட்டில் இரண்டு படம் எடுத்து, அம்மன் சந்நிதியும் அடுத்த வீட்டு மாட்டுக்கொட்டிலும் ஒன்றாக விழுந்த அனுபவம் எனக்கு உண்டு.

துணிப்பைக்குள் வீட்டில் துணிக்கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

8×10 அங்குல ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன அளவுக் கணக்கு எதுவும் பொருந்தாது. அந்த ஹோல்டருக்கு ஏற்ற சாப்பாட்டுப் பையை எந்தப் பாத்திரக் கடையிலும் நான் பார்க்கவில்லை. வீடு வீடாக உணவு கொண்டுதரும் பையன்கள் முதுகில் மாட்டியிருக்கிறார்களே, அந்தச் சதுரப் பை சரியாக இருக்கும் என்று படுகிறது. காரைக்குடியில் சிக்னலில் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றபோது கண்ணாலேயே அளந்து பார்த்தேன். அவர் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.