அருவாள், பாராங், மஷெட்டி, கோடாலி: ஒரு சீமைக்கருவையில் நாலையும் வெட்டிப் பார்த்தேன்

கார்த்திகை மழையில் எங்கள் தோட்டத்து வேலியோரம் நின்ற சீமைக்கருவை வேரோடு சாய்ந்தது. அடிமரம் என் தொடையைவிடக் கொஞ்சம் கனம். மேலே நாலைந்து கவடு, அதற்கும் மேலே முள்ளும் சுள்ளியுமாக ஒரு வண்டி தேறும். தை பிறந்ததும் முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தா கோயில் வாசலில் செவ்வாய்ப் பொங்கல். வருஷம் முழுக்க கேஸ் அடுப்பில் சமைத்தாலும் பொங்கலும் படைப்பும் எங்களுக்கு விறகில்தான். வீட்டில் ஆத்தாவிடம் அதில் மறுபேச்சு கிடையாது. ஆக, மரம் விழுந்ததும் விறகுக் கவலை தீர்ந்தது, எதை வைத்து வெட்டுவது என்ற கேள்விதான் மிச்சம்.

வீட்டில் நாலு கருவி இருந்தன. திருப்பாச்சேத்தியில் அடித்து வாங்கிய அருவாள். மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போன ஐயா திரும்பும்போது கொண்டுவந்த பாராங் கத்தி. தம்பி ஆன்லைனில் வாங்கிய 18 அங்குல மஷெட்டி, மெல்லிய தகட்டு வெட்டுக்கத்தி. சந்தையில் வாங்கிய கோடாலி. தராசில் வைத்துப் பார்த்தேன். மஷெட்டி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், பாராங் முக்கால் கிலோ, அருவாள் 850 கிராம், கோடாலி காம்பில்லாமல் 1.6 கிலோ. ஒரே மரத்தில் நாலையும் வெட்டிப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. அந்த நாலைந்து நாளில் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

சீமைக்கருவையில் முதல் வேலை மரம் வெட்டுவது அல்ல, முள்ளை ஒதுக்குவது. இந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலுக்குள் போகும். இடது கையில் கவைக்கம்பு, வலது கையில் அருவாள். கவையால் கிளையை அமுக்கிப் பிடித்து, அடியில் ஒரே வீச்சு. வெட்டிய கிளையை அருவாளின் வளைந்த மூக்கால் கொத்தி இழுத்து ஓரமாகப் போட வேண்டும், கையே படக்கூடாது. இந்த வேலையில் மற்ற மூன்றுக்கும் இடமே இல்லை. பாராங்கும் மஷெட்டியும் கிளையை வெட்டும், ஆனால் இழுக்க மூக்கு கிடையாது. வெட்டியதை எடுக்கக் குனிந்தால் முள் கையில் ஏறும். தெற்கத்தி அருவாளுக்கு ஏன் அந்த வளைவு என்று யாராவது கேட்டால் ஒரு கருவங்காட்டில் அரை மணி நேரம் விட்டால் போதும், தானாகத் தெரிந்துகொள்வார்கள்.

முள் ஒதுங்கிய பிறகு மணிக்கட்டுக் கனமுள்ள கிளைகள். இங்கேதான் உண்மையான போட்டி. ஒரே கிளையில், பக்கத்துப் பக்கத்தில், மூன்றாலும் வெட்டினேன். பாராங் ஆறு வெட்டில் துண்டாக்கியது. அருவாள் ஏழில். மஷெட்டிக்குப் பதினான்கு ஆனது, அதுவும் கடைசி நாலு வெட்டு வெறும் கோபத்தில் போட்டது.

மஷெட்டியைக் குறைசொல்வது நியாயமில்லை. அது பிறந்த இடம் வேறு. தென் அமெரிக்கப் பக்கம் கரும்பு வெட்டவும், வாழைத்தோப்பில் வழி எடுக்கவும், ஆளுயரப் புல்லைச் சாய்க்கவும் உண்டானது. அதனால்தான் தகடு 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்தோடு நிற்கிறது. மெல்லிய தகடு வேகமாக வீச வரும், நாள் முழுக்க வீசினாலும் மணிக்கட்டு ஓயாது. எங்கள் வாழைமரங்களில் காய்ந்த சருகு கழிக்க, கிணற்றடிக் கோரையை அடிக்க அதுதான் இப்போது முதல் கருவி. ஆனால் வைரம் பாய்ந்த கருவையில் விழுந்தால் தகடு அதிர்ந்து, அந்த அதிர்வு முழங்கை வரை ஏறுகிறது. பாதி வெட்டில் மரம் அதைக் கவ்விக்கொள்கிறது. பிடுங்கி எடுத்துப் பார்த்தால் ஒரு கணுவில் பட்ட இடத்தில் வெட்டும் வாய் நகக்கண் அளவுக்கு மடங்கியிருந்தது. படம் பார்த்து விறகுக்கென்று வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பாராங் என்னை வியக்க வைத்தது. இத்தனை வருஷம் பரணில் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடந்தது. மலாய்க் காட்டில் மரமும் கொடியும் பின்னிக் கிடக்கும், அதற்கென்று செய்தது இது. முதுகு தடிமன், பிடியிலிருந்து நுனிக்குப் போகப் போக அகலமும் கனமும் கூடுகிறது. வாய் ஒரே சரிவாக இறங்காமல் மொச்சைக்கொட்டையைப் போல இரண்டு பக்கமும் லேசாக உப்பி இறங்குகிறது. அந்த உப்பல்தான் சூட்சுமம். மரத்துக்குள் இறங்கும்போதே இரு பக்கமும் தள்ளிவிடுவதால் மரம் கவ்வுவதில்லை. பிடியின் கடைசி கீழ்நோக்கி வளைந்திருப்பதால் வியர்த்த கையிலிருந்தும் வழுக்காது. பச்சைக் கிளையைத் துண்டு போடுவதில் எங்கள் அருவாளை அது ஒரு வெட்டு முந்தியதில் எனக்கு வருத்தமில்லை, ஐயாவை நினைத்துச் சந்தோஷம்தான். ஆனால் பழைய பாராங் என்றால் பிடியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பின் வால் மரப்பிடிக்குள் குங்கிலியம் மாதிரிப் பிசினால் ஒட்டியிருக்கும். வருஷக்கணக்கில் காய்ந்த பிசின் விட்டுப்போனால் வீசும்போது தகடு கழன்று பறக்கும். நான் முதலில் கழற்றிச் சுத்தம் செய்து, புதிதாக ஒட்டி, இரண்டு ஆணி அறைந்த பிறகுதான் வீசினேன்.

வெட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், எந்தக் கருவியானாலும் இது ஒன்றுதான். கிளைக்கு நேர்குறுக்கே வெட்டினால் நார் அத்தனையையும் அறுக்க வேண்டியிருக்கும், கருவி துள்ளும். வலப்பக்கச் சாய்வில் ஒன்று, இடப்பக்கச் சாய்வில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் நடுவில் சில்லு தெறித்து விழும், பள்ளம் விரியும். கிளை எவ்வளவு கனமோ அவ்வளவு அகலத்துக்குப் பள்ளம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் நெருங்கிப்போய் மேற்கொண்டு இறங்காது.

கறிவெட்டும் கத்தியால் விறகு வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். எலும்புக்குச் செய்த வாய் கருவையின் கணுவில் பல்லுப்போய்விடும்.

அடிமரத்துக்கு வருவோம். தொடைக்கனத்தைக் குறுக்கே வெட்ட கோடாலி போதும் என்று நினைத்துத் தொடங்கினேன், கால்வாசி போவதற்குள் பனியன் நனைந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கோடாலிக்கு வாய் குறுகல், கன்னம் தடிப்பு. அது பிளப்பதற்கானது. குறுக்கே துண்டு போட ரம்பம்தான் சரி. அருவாளுக்கும் கோடாலிக்கும் நடுவே ரம்பத்தை மறந்துவிடுகிறோம். மரம் ஒரு ஆளின் கால் கனத்துக்கு மேலே போனால் ரம்பத்தால் ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்துக்கொண்டு, அப்புறம் கோடாலியை எடுங்கள். வேலையும் பாதி, விறகும் சேதாரம் இல்லை.

பிளப்பதில் கோடாலிக்கு எதிரே யாரும் நிற்க முடியாது. காரணம் எளிது. அருவாளின் கனம் தகடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கோடாலியின் கனம் மொத்தமும் மூன்று அடிக் காம்பின் நுனியில் திரண்டிருக்கிறது. கனம் இரண்டு மடங்கானால் அடியின் சக்தி இரண்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நாலு மடங்கு. நீளக் காம்பு அந்த வேகத்தைத் தருகிறது. உள்ளே போன பிறகு தடித்த கன்னம் ஆப்பாக வேலை செய்து மரத்தை இரண்டாகத் தள்ளுகிறது. அருவாள் போய் மாட்டிக்கொள்ளும் இடத்தில் கோடாலி பிளந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுக்கு விறகு உடைக்க வரும் அண்ணன் நான் நட்டநடுவில் அடிப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “தம்பி, நடுவுல போடாதீங்க, அங்கதான் வைரம். ஓரத்துலேருந்து உரிச்சுக்கிட்டே வாங்க.” அவர் சொன்னபடி ஓரத்திலிருந்து பத்தை பத்தையாக எடுத்தேன், கரும்புத் தோல் உரிப்பது போல வந்தது. காய்ந்த துண்டின் முகத்தில் ஏற்கெனவே வெடிப்புக் கோடு ஓடியிருந்தால் கோடாலி வாயை அந்தக் கோட்டின் மேல் வைக்க வேண்டும். கணு இருக்கும் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, கணு இல்லாத முகத்தில் அடிக்க வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தவருக்குப் பழைய கோடாலியே போதும்.

அடியில் வைக்கும் கட்டைக்குப் புளிய மரம். கறிக்கடையில் புளியங்கட்டை வைத்திருப்பது எதற்காகவோ அதற்காகவேதான். புளியின் நார் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு ஓடுவதால் எத்தனை அடி விழுந்தாலும் பிளக்காது. தரையில் வைத்து மட்டும் அடிக்காதீர்கள். காரைக்குடிச் சுற்றுவட்டாரம் முழுக்கச் செம்பாறையும் சரளையும். ஒரு அடி தவறி மண்ணில் இறங்கினால் ஒரு வாரக் கூர்மை போய்விடும்.

இங்கே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோடாலிக் காம்பு லேசாக ஆடியது. ராத்திரி தண்ணீர் வாளியில் ஊறப்போட்டேன், காலையில் மரம் உப்பி இறுக்கமாக நின்றது. சரியாகிவிட்டது என்று நம்பி வெட்டத் தொடங்கினேன். பகல் வெயிலில் ஊறிய காம்பு காய்ந்து சுருங்கியதை நான் கவனிக்கவில்லை. உச்சிவேளையில் ஓங்கிய ஓங்கில் தலை கழன்று பறந்து கிணற்றுச் சுவரில் மோதி விழுந்தது. அந்தச் சுவருக்கு நாலடி தள்ளித்தான் ஆத்தா வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு மேற்கொண்டு ஒரு அடிகூட நான் அடிக்கவில்லை, கை நடுக்கம் நிற்கவே இல்லை. தண்ணீரில் ஊறப்போடுவது வைத்தியமே அல்ல. காம்பை மாற்ற வேண்டும், அல்லது நுனியில் காய்ந்த மர ஆப்பு இறக்க வேண்டும். காம்புக்கு நாட்டுக்கருவேலும் விடத்தலையும் நல்லவை, அடியின் அதிர்வைத் தாங்கும். பச்சைக் கம்பைச் செதுக்கி உடனே மாட்டினால் அதுவும் காய்ந்து சுருங்கி இதே கதைதான். நிழலில் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

அருவாளுக்கும் கோடாலிக்கும் உயிர் இருப்பது தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்துப் பதமேற்றுவதில். திருப்பாச்சேத்தி எங்கள் சிவகங்கை மாவட்டம்தான், மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில் இருக்கிறது. அருவாள் என்றாலே அந்த ஊர்ப் பெயர் கூட வரும். பட்டறைகளில் பெரும்பாலும் லாரியின் பழைய வில்லுப்பட்டையைத்தான் காய்ச்சி அடிக்கிறார்கள். அந்த எஃகில் கரி (கார்பன்) சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம், வளைந்தாலும் உடையாமல் திரும்பும் குணம் உண்டு. நான் உட்கார்ந்து பார்த்த பட்டறையில் கொல்லர் பழுக்கக் காய்ந்த தகட்டின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்தார். சாணைக்கல்லால் ஒரு இழுப்பு இழுத்து வெள்ளையாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்க, அந்த வெள்ளையில் முதலில் வைக்கோல் நிறம் ஓடியது, அப்புறம் ஊதா, ஊதாவின் பின்னாலேயே நீலம் எட்டிப் பார்த்தது. அந்த நொடியில் மொத்தமாகத் தண்ணீரில் விட்டார். “வைக்கோல் நிறத்துலேயே விட்டா கண்ணாடி மாதிரிப் பல்லுப் போகும். நீலம் தாண்டிப் போச்சுன்னா தகரம்.” அந்த ஊதாவைக் கண்ணால் பிடிக்கத் தெரிந்தவர் அடித்த அருவாள் பத்து வருஷம் உழைக்கும். வாய் மழுங்கினால் அதே பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்கலாம். இந்த வசதி மஷெட்டிக்குக் கிடையாது, அந்த மெல்லிய தகட்டைக் காய்ச்சினால் நெளிந்துவிடும்.

மெஷின் சாணையில் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தீப்பொறி பறக்கப் பறக்கப் பிடித்து வாய் நீலமாக மாறினால் அந்த இடத்தில் தோய்ச்சல் இளகிவிட்டது என்று பொருள். அரத்தால் கையாலேயே தீட்டினால் நேரம் ஆகும், ஆனால் பதம் போகாது. கோடாலியைச் சவரக்கத்தி போலத் தீட்டவும் வேண்டாம். பிளக்கும் வாய் கொஞ்சம் மொண்ணையாக இருந்தால்தான் கணுவில் பட்டாலும் மடங்காது.

வெட்டுவதும் மரத்தின் நிலையைப் பொறுத்தது. சீமைக்கருவை பச்சையில் வெட்ட இளகிக் கொடுக்கும், காய்ந்தால் கல். ஆகவே விழுந்த வாரத்திலேயே துண்டு போட்டுவிடுங்கள். சவுக்கு நேர்நாராக இருப்பதால் கைக்கோடாலிக்கே பிளந்துவிடும். தைலமரம் பச்சையில் எளிது, காய்ந்தால் நார் முறுக்கிக்கொள்ளும். புளியைப் பிளக்க முயல வேண்டாம், அடிக்கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எது வாங்கலாம் என்றால், ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்பவருக்கு அருவாள். விறகுக்கடையில் பிளந்த விறகு வாங்கி, அதைச் சிம்பாக்கும் (மெல்லிய துண்டுகளாக்கும்) வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை. சிம்பெடுக்கும்போது வீசக்கூட வேண்டாம். அருவாள் வாயை விறகின் தலையில் வைத்து, முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டினால் விரலுக்கு ஆபத்தில்லாமல் பிளக்கும். சுத்தியலால் மட்டும் தட்டாதீர்கள், முதுகிலிருந்து இரும்புச் சில் தெறிக்கும். தோட்டமும் மரமும் உள்ளவர்கள் கூடவே ஒரு கோடாலியும் ரம்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். மஷெட்டி வாழைக்கும் புல்லுக்கும். பாராங் வீட்டில் இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள், இல்லையென்றால் தேடி அலைய வேண்டாம்.

வாங்கும்போது அருவாளின் பிடியை இரண்டு விரலில் தளர்வாகத் தொங்கவிட்டு, தகட்டின் நடுவில் ஒரு சாவியால் தட்டிப் பாருங்கள். கோயில் மணி மாதிரி ஓசை இழுத்துக்கொண்டு நின்றால் எடுத்துக்கொள்ளலாம். ‘டொக்’கென்று செத்துப்போனால் உள்ளே எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது, கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தட்டுங்கள்.