குட்டி ஆஸ்பத்திரி: டிபார்ட்மென்ட் 56-ஆ, லெமாக்ஸா?

அமெரிக்காவில் கிறிஸ்துமஸுக்கு விளக்கெரியும் குட்டிக் கட்டடங்களை மேசையில் வைத்துக் ‘கிறிஸ்துமஸ் கிராமம்’ அடுக்குகிறவர்கள் தேவாலயம், பேக்கரி, ரயில் நிலையம் எல்லாம் வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரியைத் தேடுவார்கள். நர்ஸாக இருந்த அம்மாவுக்காக, பிள்ளை பிறந்த நினைவாக என்று அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அதனால் இந்த ஒன்றை மட்டும் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

டிபார்ட்மென்ட் 56 இந்தக் குட்டிக் கட்டடங்களை விற்கும், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்த நிறுவனம். 1976-இல் ஆறு பீங்கான் கட்டடங்களோடு ஸ்னோ வில்லேஜ் வரிசையைத் தொடங்கியது. மெருகு பூசிய பீங்கான் என்பதால் கூரைப் பனியில் விரலை ஓட்டினால் வழுவழுவென்று இருக்கும். பழைய கட்டடங்களில் பின்பக்க ஓட்டை வழியாகப் பல்பைச் செருக வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் கசியும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், உள்ளே யாரோ கண்விழித்துக் காத்திருப்பது போலவே இருக்கும். ஆஸ்பத்திரிக்கு அதுதானே வேண்டும்! இதே நிறுவனத்திலிருந்து 1984-இல் வந்த டிக்கன்ஸ் வில்லேஜ் வரிசை மெருகில்லாத பீங்கான். செங்கல் வரிகள் அழகு, ஆனால் அது விக்டோரியா காலத்து இங்கிலாந்து; மோட்டார் ஆம்புலன்ஸ் அதில் ஒட்டாது.

இதே மாதிரி கட்டடங்களை விற்கும் இன்னொரு நிறுவனம் லெமாக்ஸ், கைக்கு அடக்கமான விலை. கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும். எல்.இ.டி. மாடல்கள் பலவும் 4.5 வோல்ட்டில் எரியும், அதாவது மூன்று பேட்டரி அல்லது ஒரு அடாப்டர். சூடு கிடையாது, மேசைக்கடியில் ஒயர்க் குவியலும் குறையும். முழு ஊரையே கட்டப் போகிறீர்கள் என்றால் இதுதான் சரி. கட்டடங்கள் பொதுவாகக் கொஞ்சம் சிறியவை. ஸ்னோ வில்லேஜ் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

தயாரிப்பு நின்றுபோன மாடலைப் பழையதாகத்தான் வாங்க முடியும். நான் படம் பார்த்து வாங்கிய ஒன்றில் புகைபோக்கி நுனி உடைந்திருந்தது. பின்பக்கப் படமும் கேளுங்கள். மெருகில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா, பழைய தெர்மாகோல் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முகப்புப் பலகையில் என்ன குறி இருக்கிறது என்றும் பாருங்கள். சிவப்புச் சிலுவை 1864 ஜெனீவா உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட பாதுகாப்புச் சின்னம், பொதுவான ஆஸ்பத்திரிக் குறி அல்ல. அமெரிக்கச் சாலைகளில் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டுவது நீலப் பலகையில் வெள்ளை ‘எச்’ எழுத்து.

ஒரே ஒரு ஆஸ்பத்திரி என்றால் என் ஓட்டு ஸ்னோ வில்லேஜுக்கு. கொஞ்சம் மேட்டில் வையுங்கள். ஊர் முழுக்கப் பனிப் பஞ்சு விரித்தாலும், அதன் வாசலுக்குப் போகும் பாதையை மட்டும் வெறுமையாக விட்டுவிடுங்கள், ஆம்புலன்ஸ் வர வேண்டுமே.