வண்டி இழுக்கவில்லை: பெட்ரோல் பக்கமா, சைலன்சர் பக்கமா?

பழைய பெட்ரோல் பிக்கப் மேட்டில் திணறினால் பலரும் முதலில் பிளக்கைத்தான் மாற்றுவார்கள். பிளக் கோளாறென்றால் வண்டி மிஸ் ஆகும், குலுங்கும். குலுக்கலே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் சந்தேகம் இரண்டு: பெட்ரோல் போதவில்லை, அல்லது புகை வெளியேற வழியில்லை.

பெட்ரோல் ஃபில்டரோ பம்ப்போ காரணமென்றால் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. முழுக்க மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும்; காலை எடுத்தால் சற்று நேரத்தில் தேறிவிடும். பெட்ரோல் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் மாட்டினால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். லோடு ஏறும்போது முள் விழுகிறதா என்பதே கேள்வி.

சைலன்சர் பக்கம் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் வெட்டாது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதுபோல, வேகம் கூடக்கூட அமுங்கும். இதற்கு இன்ஜின் காற்றை உறிஞ்சும் வேகத்தடத்தில் உள்ள வெற்றிடத்தை அளக்கும் வேக்கம் கேஜ் போதும். கடல்மட்டப் பகுதியில் நல்ல இன்ஜின் ஐடிலில் சுமார் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். ஆர்பிஎம்மை 2500-ல் பிடித்து வையுங்கள். முள் நிலையாக நின்றால் சரி; மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்புதான் முதல் சந்தேகம்.

நானாக இருந்தால் வேக்கம் கேஜில்தான் தொடங்குவேன். பெட்ரோல் லைனைத் திறக்கும் தொல்லையில்லை. ஃபில்டர் எப்போது மாற்றியது என்றே நினைவில்லையா? அதைச் சோதிக்காமலே மாற்றிவிடலாம். கன்வெர்ட்டர் அப்படியல்ல. ஆயில் எரிகிறதா, பெட்ரோல் அதிகமாகப் போகிறதா என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் அடைத்துக்கொள்ளும்.