சன்ஸ்மார்ட் குளோபல் யுவி செயலி: எதற்கு உதவும், எங்கே கைவிடும்?

வெயில் சுடவில்லை என்றால் தோலுக்கும் கெடுதல் இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை மாற்ற இந்தச் செயலி உண்மையிலேயே உதவுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இன்னும் மூன்று ஐ.நா. அமைப்புகளும் 2022 ஜூனில் வெளியிட்டன, இலவசம். ஊரைக் கொடுத்தால் அன்றைய புற ஊதாக் குறியீடு (வெயிலில் உள்ள, தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் எண்), 5 நாள் கணிப்பு, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை பாதுகாப்பு வேண்டும் என்பதெல்லாம் வரும். குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஆகஸ்ட் நடுவில், ஸ்வெட்டர் போடும் குளிரிலேயே அது 3-ஐத் தொட்டுவிடும்.

மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் உலகிலேயே அதிக விகிதத்தில் வருவது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான்: வெளிர்தோல் மக்கள், கடும் வெயில். 2020இல் உலகெங்கும் சுமார் 3,25,000 பேருக்கு வந்தது. 57,000 பேர் இறந்தார்கள். வாரம் முழுக்க அறைக்குள் இருந்துவிட்டு விடுமுறையில் தோல் சிவந்து உரியும்வரை கடற்கரையில் கிடப்பது, அதுவும் சிறுவயதில், மிகவும் ஆபத்து. அதனால் சுற்றுலாவுக்கு முந்தைய இரவே கணிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

எச்சரிக்கை வந்த பிறகு பலர் தவறுவது சன்ஸ்கிரீன் அளவில். பெரியவர் ஒருவருக்கு முழு உடலுக்கும் 7 டீஸ்பூன், அதாவது 35 மில்லி வேண்டும். கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பே தடவி, 2 மணிக்கொரு முறை திரும்பத் தடவ வேண்டும். மெல்லிசாக இழுத்துவிட்டால் புட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) கிடைக்காது.

செயலி காட்டும் எண் ஊருக்குத்தான், ஆளுக்கு அல்ல. உடலில் 100 மச்சத்துக்கு மேல் இருப்பவருக்கு, 15-க்கும் குறைவாக இருப்பவரைவிட ஏறத்தாழ 7 மடங்கு ஆபத்து. குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா வந்திருந்தாலும் ஆபத்து கூடும். இவற்றை இந்தக் குறியீடு சொல்லாது.

நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நமக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என வெயில் அதிகம் படாத இடங்களில்தான் வரும். 1981இல் 36 வயதில் இறந்த பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. கால் ஆணி, அடிபட்ட ரத்தக்கட்டு என்று விட்டுவிடுவதால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. குறியீடு 0 என்றாலும் மாதம் ஒருமுறை குளித்தபின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நகங்களையும் பாருங்கள். நகத்தில் நீளவாக்கில் ஓடும் கருங்கோடு அகலமானாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலில் பரவினாலோ, உள்ளங்கால் புண் ஆறாமல் இருந்தாலோ தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.