மழை ஜாக்கெட், ட்ரெக்கிங் பை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: தையலைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் "நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப், 10,000 மி.மீ." என்று போட்டிருந்த மழை ஜாக்கெட் இரண்டும், "65 லிட்டர்" ரக்சாக் ஒன்றும் வாங்கினோம். வாங்கிய பத்தொன்பதாம் நாள், ஜூலை மாத வால்பாறை மழையில், இரண்டு ஜாக்கெட்டும் முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தோள், அக்குள், தொப்பி கழுத்தோடு சேரும் இடம் என்று ஒவ்வொன்றாக ஒழுகியது. 12 கிலோ சுமையில் பையின் வலது தோள்வார் மேல்முனையோடு பிய்ந்து வந்துவிட்டது. கேட்டதற்கு வந்த பதில்: "துணி வாட்டர்ப்ரூஃப்தான் சார். தையல் வழியா தண்ணி வந்தா நாங்க பொறுப்பில்ல." பைக்கு: "ஏழு நாள் ரிட்டர்ன் முடிஞ்சிருச்சு."

மோசடியே அந்த முதல் பதிலில்தான் இருக்கிறது. 10,000 மி.மீ. என்பது துணியை மட்டும் சோதித்த அளவு. பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். ஆனால் ஊசி குத்திய இடமெல்லாம் ஓட்டை. சென்டிமீட்டருக்கு மூன்று தையல் என்று வைத்தாலும், ஒரு ஜாக்கெட்டில் இருக்கும் ஐந்து மீட்டர் தையலுக்கு 1,500 ஓட்டை. இவற்றை அடைக்க உள்பக்கம் எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் ஜாக்கெட்டின் லைனிங்கைப் பாக்கெட் வழியாக விலக்கிப் பார்த்தோம். வெறும் நூல்தான், ஒரு அங்குலம்கூட டேப் இல்லை. லைனிங் வைத்துத் தைத்ததால் வாங்கும்போது கண்ணில் படவில்லை.

லேபிளில் "ஃபுல்லி சீம் டேப்டு" என்று இருந்தால் எல்லாத் தையலுக்கும் டேப் உண்டு. "கிரிட்டிக்கலி" என்றால் தோள், தொப்பி போன்ற சில இடங்களுக்கு மட்டும். பஸ் ஸ்டாப் வரை நடக்க அது போதும், நாள் முழுக்க மலையில் நனைய உதவாது. எதுவுமே எழுதாமல் மி.மீ. கணக்கு மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

கடையில் துணிமேல் தண்ணீர் தெளித்து, தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டு ஓடுவதைக் காட்டுவார்கள். விற்பனை வீடியோவிலும் அதுதான். அது வெளிப்புறம் பூசிய ரசாயனத்தின் வேலை. சில துவைப்பில், உராய்வில் போய்விடும். உள்ளே தண்ணீர் வருமா என்பதற்கு அது சோதனையே அல்ல. சரியான சோதனை இது: பார்சல் வந்த அன்றே, டேக் வெட்டாமல், தோள் தையல் நடுவில் வரும்படி துணியைக் குழித்துப் பிடியுங்கள். அடியில் டிஷ்யூ பேப்பர். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து விரலால் தையலை அழுத்துங்கள். நடக்கும்போது பை வார் தோளில் அழுத்துவதும் இப்படித்தான். டிஷ்யூவில் ஈரப்பொட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

பாதி விலை ஆஃபரில் வரும் பழைய சரக்கிலும் கவனம் வேண்டும். தண்ணீர் புகாமல் இருக்கத் துணியின் உள்ளே பூசும் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே சிதையும். கடலோர ஊர்க் குடோனில் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்தே கிடந்தால் இன்னும் வேகமாக. மடிப்பைப் பிரித்துத் தடவுங்கள். பிசுபிசுத்தாலோ, வெள்ளையாகச் செதில் உதிர்ந்தாலோ, புளித்த நெடி அடித்தாலோ அது செத்துப்போன சரக்கு. தயாரித்த மாதமும் வருடமும் லேபிளில் இருக்க வேண்டும்.

இனி பை. 65 லிட்டர் என்றால் மூன்று தண்ணீர் கேனுக்கும் மேல். எங்கள் பை உயரம் 62, அகலம் 30, ஆழம் 20 செ.மீ. பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 37 லிட்டர். மேல்மூடியும் பக்கப் பைகளும் சேர்த்தாலும் 43-ஐத் தாண்டவில்லை. ஆர்டர் போடுமுன் அளவைப் பெருக்கிப் பாருங்கள். அளவே தராதவரிடம் வாங்க வேண்டாம்.

பிய்ந்த தோள்வாரில் ஒற்றை நேர்த்தையல்தான் இருந்தது. வாரின் முனை தையலுக்குள் ஒரு சென்டிமீட்டர்கூடப் போகவில்லை. நல்ல பையில் முனை இரண்டு துணிக்கும் நடுவே ஆழமாகப் போயிருக்கும், அதன்மேல் பார்டேக் என்னும் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கும். பையைத் தரையில் வைத்து, அடியை மிதித்துக்கொண்டு வாரை இழுங்கள். நூல் பல்லிளித்தால் அங்கேயே தெரிந்துவிடும். இடுப்பு பெல்ட்டில் பஞ்சு இல்லாமல் வெறும் நாடாவாக இருந்தால் சுமை முழுவதும் தோளில்தான் இறங்கும். ஜிப்பை வளைவில் பத்துத் தடவை ஓட்டுங்கள். பைகளில் முதலில் தேய்வது ரன்னர், பல் அல்ல.

ரெயின் கவர் இலவசம் என்பதை நம்பி எதையும் உள்ளே வைக்காதீர்கள். முதுகுக்கும் பைக்கும் நடுவே தண்ணீர் வழிந்து இறங்கும், கவர் அதைத் தடுக்காது. உள்ளே ஒரு தடித்த பாலிதீன் பை போட்டு வாயை முறுக்கிக் கட்டினால் துணிமணி நனையாது.

"ஏழு நாள்" விஷயத்துக்கு வருவோம். அந்த வரி இணையப் பக்கத்தில்தான் இருந்தது, பில்லில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில்லில் காலக்கெடு எதுவும் இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

பணம் கட்டுமுன் விற்பனைப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாங்கள் புகார் கொடுத்த மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தில் "வாட்டர்ப்ரூஃப்" போய் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" வந்துவிட்டது. பழைய பக்கத்தின் படம் கையில் இருந்ததால்தான் புகார் இன்னும் நிற்கிறது.