ஆர்கோ தரவுச் சேவை: ஆய்வுக்கும் வகுப்புக்கும் எவ்வளவு கைகொடுக்கிறது?

இயற்பியல் கடலியலைத் தொழிலாக எடுத்துக்கொள்பவருக்கு முதல் தடை கப்பல். ஆய்வுக் கப்பலில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். கிடைத்தாலும் சில வாரப் பயணம், ஒரு கோட்டில் சில பத்து நிலையங்கள், அதுவும் பெரும்பாலும் கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில். குளிர்காலப் புயலுக்கு நடுவே தென்பெருங்கடலின் கலப்பு அடுக்கு (கலங்கி ஒரே சீராக இருக்கும் மேல்நீர்) எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று கப்பலை மட்டும் நம்பி அறிய முடியாது. கடலில் தானாக இறங்கி ஏறி அளக்கும் ஆர்கோ மிதவைகள் அந்த நிலையை மாற்றிவிட்டன. 2000-ம் ஆண்டுவாக்கில் கடலில் விடத் தொடங்கி, 2007 நவம்பரில் 3,000-ஐ எட்டி, இன்று ஏறத்தாழ 4,000 மிதவைகள் வேலை செய்கின்றன. 2018-க்குள்ளேயே 20 லட்சம் புரொஃபைல்கள் (ஒரே ஏற்றத்தில் ஆழவாரியாக எடுத்த அளவீட்டு வரிசைகள்) சேர்ந்துவிட்டன. கட்டணம் இல்லை, பதிவு இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

திறந்த பெருங்கடலைப் பற்றி ஆய்வேடு எழுதவும் முதுநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தவும் இதைவிட நல்ல இலவசத் தரவு கிடையாது என்பதே எங்கள் கணிப்பு. ஆனால் ஆர்கோவில் எண்ணை எடுப்பது சுலபம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் தரக்குறியை (எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் குறியை) படிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

கருவி எப்படி அளக்கிறது என்று தெரியாமல் தரவைத் தொடக்கூடாது. மிதவை 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருக்கும். 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியில் அழுத்தம், வெப்பநிலை, மின்கடத்துத்திறன் (உவர்ப்பைக் கணக்கிட உதவுவது) மூன்றையும் அளக்கும். உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குள் தள்ளினால் பருமன் கூடி ஏறும். உள்ளே இழுத்தால் இறங்கும். ஏறும் வேகம் நொடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். அதாவது ஒரு புரொஃபைலின் அடிமுனைக்கும் மேல்முனைக்கும் இடையே ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடுகிறது. பழைய மிதவைகள் ஆர்கோஸ் செயற்கைக்கோள் வழியாகப் பேசின (பெயர் ஒத்திருந்தாலும் ஆர்கோ வேறு, ஆர்கோஸ் வேறு). அந்த வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்ப முடியும் என்பதால் ஒரு புரொஃபைலுக்கு 70 சொச்சம் மட்டங்கள்தான் வந்தன, மிதவையும் மணிக்கணக்கில் மேற்பரப்பில் அலைந்தது. இரிடியம் செயற்கைக்கோள்கள் வந்த பிறகு 2 டெசிபாருக்கு (ஒரு டெசிபார் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம்) ஒரு அளவீடு, மேற்பரப்பில் சில நிமிடங்கள்தான். இருபது ஆண்டுத் தொடரைப் படிக்கும்போது இந்த மாற்றம் தரவுக்குள் ஒளிந்திருப்பதை மறந்துவிடக்கூடாது. செங்குத்துச் சரிவுகள் கூர்மையாகிக்கொண்டே வருவதுபோலத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கடலை அல்ல, மட்டங்களின் எண்ணிக்கையை.

பிரான்ஸின் பிரெஸ்ட் நகரில் உள்ள கோரியோலி, அமெரிக்காவின் மான்டரேயில் உள்ள மையம் என இரண்டு உலக மையங்கள் ஒரே தொகுப்பை வைத்திருக்கின்றன. முழுத் தொகுப்பையும் இறக்க ஆசைப்பட வேண்டாம், பல பத்து ஜிகாபைட் ஆகும். புரொஃபைல்களின் உலக அட்டவணை பைலை மட்டும் முதலில் இறக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் பைலின் பாதை, தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, கடைசியாகப் புதுப்பித்த நாள் எல்லாம் இருக்கும். அதில் வேண்டிய பகுதியையும் காலத்தையும் வடிகட்டிவிட்டு, மிஞ்சியதை மட்டும் இறக்கினால் போதும். பைதான் தெரிந்தவர்களுக்கு ஆர்கோபை என்ற நிரல் தொகுப்பு இந்த வேலையைச் சில வரிகளில் முடித்துத் தரும். அதில் நிபுணர், தரநிலை, ஆய்வு என்று மூன்று முறைகள். ஆய்வேட்டுக்கு ஆய்வு முறை, தேர்வுப் பயிற்சிக்குத் தரநிலை முறை, பைலின் உள்ளமைப்பைக் கற்பிக்க நிபுணர் முறை.

இனி ஒரு பைலைத் திறந்து பார்ப்போம். மாணவர்கள் முதலில் தடுக்கி விழுவது பைல் பெயரில் வரும் 'டி' (D) எழுத்தில். பெயரின் தொடக்கத்தில் 'டி' இருந்தால் அது தாமதமுறையில் நிபுணர் சரிபார்த்த பைல்; 'ஆர்' (R) இருந்தால் மிதவை பேசிய 24 மணி நேரத்துக்குள் தானியங்கிச் சோதனை மட்டும் முடித்து வந்தது. அதே 'டி' சுழற்சி எண்ணுக்கு (மிதவையின் எத்தனையாவது சுற்று என்ற எண்ணுக்கு) பின்னால், பெயரின் கடைசியில் வந்தால் பொருளே வேறு: மிதவை இறங்கும்போது எடுத்த புரொஃபைல். இரண்டையும் குழப்பி, இறங்குமுகப் புரொஃபைல்களைச் 'சரிபார்க்கப்பட்டவை' என்று பொறுக்கிவிட்டால் ஆய்வு ஆரம்பத்திலேயே கோணிவிடும்.

உள்ளே போனால் வெப்பநிலை, உவர்ப்பு, அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்று மிதவை அனுப்பிய மூல எண், மற்றது திருத்தப்பட்ட எண். 'ஆர்' முறையில் திருத்திய இடம் காலி. 99999 என்று நிரப்பியிருக்கும். 'டி' முறையில் மூல எண்ணைத் தொடவே மாட்டார்கள். சென்சார் எவ்வளவு பிசகியிருந்தாலும் அது அப்படியே இருக்கும், திருத்தம் பக்கத்துப் பெட்டியில் மட்டும். ஆகவே முறை எதுவென்று பார்க்காமல் எப்போதும் மூல எண்ணையே எடுப்பவர், பல ஆண்டு உழைப்பில் வந்த திருத்தத்தைத் தூக்கி எறிகிறார். எப்போதும் திருத்திய எண்ணையே எடுப்பவருக்குப் புதிய புரொஃபைல்கள் முழுதும் வெற்றிடமாக வரும். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் முறையைப் படித்த பிறகே எந்தப் பெட்டி என்று முடிவு செய்ய வேண்டும். இடையில் 'ஏ' (A) என்றொரு முறையும் உண்டு. அது உடனடித் தரவிலேயே முன்பு கண்ட திருத்தத்தைத் தானாகச் சேர்த்தது, நிபுணர் இன்னும் பார்க்காதது.

தரக்குறிகளில் 1 நல்லது, 2 அநேகமாக நல்லது, 3 அநேகமாகக் கெட்டது, 4 கெட்டது, 9 அளவீடு இல்லை. இவை பைலில் எண்களாக இல்லை, எழுத்துகளாக இருக்கின்றன. நிரலில் 1 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் ஒன்றும் தேறாது. 'தரவே இல்லை' என்று மாணவர் வந்து நிற்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். இன்னொன்று: ஒரே பைலில் ஒன்றுக்கு மேற்பட்ட புரொஃபைல்கள் இருக்கலாம். முதலில் இருப்பதே முதன்மைப் புரொஃபைல். இரண்டாவது பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டிய கூடுதல் அளவீடு அல்லது வேறு மட்டங்களில் எடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் மேல் 20 மீட்டரில் விநோதங்கள் முளைக்கும். பனிக்கட்டிக்கு அடியில் ஓடிய மிதவைகளின் இருப்பிடம் இடைக்கணித்தது. அதற்கு இடக்குறி 8 கொடுத்திருப்பார்கள். துருவப் பகுதியில் வேலை செய்பவர் அந்த 8-ஐத் தேடிப் பார்க்க வேண்டும்.

தாமதமுறைத் தரவின் இலக்கு வெப்பநிலையில் 0.002 டிகிரி, அழுத்தத்தில் 2.4 டெசிபார், உவர்ப்பில் 0.01. வெப்பநிலை அனேகமாக எப்போதும் நம்பத்தக்கது. தொந்தரவு உவர்ப்பில்தான். மின்கடத்துத்திறன் அளக்கும் செல்லின் வடிவமோ உட்பரப்போ சற்றே மாறினாலும் உவர்ப்பு மெல்ல நகரும். சில தொகுதி சென்சார்களில் இந்த நகர்வு வேகமாக, அதிக உவர்ப்புப் பக்கமாகவே நடந்தது. கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு மிதவையின் எல்லாச் சுழற்சிகளையும் வெப்பநிலை–உவர்ப்பு வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு 1,500 மீட்டருக்குக் கீழே பார்ப்பது. அந்த ஆழத்தில் நீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். வடிவம் மாறாமல் இணைகோடுகளாக, சுழற்சி வரிசைப்படி வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனால் அது கடல் அல்ல, சென்சார். மிதவை வேறொரு நீர்த்திரளுக்குள் நுழைந்திருந்தால் கோட்டின் வடிவமே மாறும், பெரும்பாலும் ஒரே தாவலில்.

0.02 உவர்ப்புப் பிழை அற்பமாகத் தெரியலாம். 2,000 மீட்டர் நீர்ப்பத்தி முழுதும் அந்தப் பிழை இருந்தால், கணக்கில் கடல்மட்டம் சுமார் 3 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு உயர்வதோ சில மில்லிமீட்டர்தான். வெப்பநிலையிலும் இதே கதை. 0.01 டிகிரிப் பிழை 2,000 மீட்டருக்கும் பரவினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கோடி ஜூல். ஓராண்டு முழுவதும் 2.6 வாட் விடாமல் சூடேற்றியதற்குச் சமம். இந்தக் கணக்கை வகுப்பில் ஒருமுறை கையால் போடவைத்தால், தரக்குறியைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அழுத்தப் பிழை இன்னும் வஞ்சகமானது, ஏனென்றால் அது வெப்பநிலைபோல வேடமிடும். மீட்டருக்கு 0.02 டிகிரி குறையும் வெப்பச்சரிவு அடுக்கில் 5 டெசிபார் தவறினால் 0.1 டிகிரி பொய் வெப்பமோ குளிர்ச்சியோ கிடைக்கும். 2006-ல் வெளியான ஒரு ஆய்வு 2003–2005 காலத்தில் கடலின் மேலடுக்கு குளிர்ந்துவிட்டதாகக் கணித்தது. ஒரு சிறு பகுதி மிதவைகளில் அழுத்த எண்கள் தவறான மட்டங்களோடு இணைக்கப்பட்டதும், கப்பலிலிருந்து எறியும் எக்ஸ்பிடி (XBT) வெப்பநிலைக் கருவிகளில் இருந்த வெப்பப் பக்கச் சாய்வும் சேர்ந்து அந்தக் குளிர்ச்சியை உண்டாக்கியிருந்தன என்று அடுத்த ஆண்டே ஆசிரியர்கள் தாங்களே திருத்தம் வெளியிட்டார்கள். ஆய்வு நேர்மையைக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் இந்தத் துறையில் இல்லை.

செய்முறை வகுப்புக்கு மூன்று பயிற்சிகள் நன்றாக வரும்: கலப்பு அடுக்கின் ஆழம், வெப்பநிலை–உவர்ப்பு வரைபடம், வெப்ப உள்ளடக்கம். தொடங்கும் முன் அலகு மாற்றம். பைலில் இருப்பது ஆழம் அல்ல, அழுத்தம். 2,000 டெசிபார் என்பது 2,000 மீட்டருக்கு 20 முதல் 30 மீட்டர் குறைவு. உவர்ப்பும் மின்கடத்துத்திறனிலிருந்து வரும், அலகில்லாத நடைமுறை உவர்ப்புதான். டியோஸ்-10 (TEOS-10, கடல்நீர்ப் பண்புகளுக்கான உலகச் சமன்பாட்டுத் தரம்) நிரல்களைக் கொண்டு முதலில் முற்றுவர்ப்பு (Absolute Salinity), பிறகு காப்பு வெப்பநிலை (Conservative Temperature), அதன்பின் அடர்த்தி என்ற வரிசையில் போக வேண்டும். முற்றுவர்ப்புக்குத் தீர்க்கரேகையும் அட்சரேகையும் வேண்டும், இரண்டும் இடம் மாறிவிடாமல் பாருங்கள். காப்பு வெப்பநிலையை 3991.868 என்ற மாறிலியால் பெருக்கினால் வெப்ப உள்ளடக்கக் கணக்கு நேராக வந்துவிடும்.

கலப்பு அடுக்குக்கு 10 மீட்டர் வெப்பநிலையிலிருந்து 0.2 டிகிரி வேறுபடும் மட்டத்தை எடுப்பது பொதுவழக்கம். வெப்பமண்டலத்தில் இது பெரும்பாலும் சரிவரும். லாப்ரடார் கடலின் குளிர்காலத்தில் காலை வாரிவிடும்: கலப்பு 1,000 மீட்டரையும் தாண்டக்கூடிய அந்த இடத்தில் மேலும் கீழும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே, 0.2 டிகிரி வேறுபாடு கலப்பு அடுக்குக்கு வெகு கீழேதான் வரும். அங்கே கன மீட்டருக்கு 0.03 கிலோகிராம் என்ற அடர்த்தி அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். மேலே நன்னீர் பரவிய வெப்பமண்டலப் பகுதிகளில் இரண்டு அளவுகோலும் வேறுவேறு ஆழம் தரும். நடுவே கிடப்பதுதான் தடுப்பு அடுக்கு. மாணவர் அதைத் தானே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுவது நல்லது, முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

எதற்கு இது உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அழுக்கு செல்லுக்குள் போகாமலிருக்கப் பல மிதவைகள் சுமார் 5 டெசிபாரில் பம்பை நிறுத்திவிடும். பகல் வெயிலில் மேல் ஓரிரு மீட்டர் சூடேறுவது தெரியாது. திட்டமிட்ட இடைவெளி 3 டிகிரிக்கு ஒன்று, 300 கிலோமீட்டருக்கும் மேல். நடு அட்சரேகைச் சுழிகளை ஆர்கோவை மட்டும் வைத்து வரைந்தால் வலையில் இருக்கும் ஓட்டையைத்தான் வரைவோம். 12.42 மணி நேர உள்ளலை ஓதம் (கடலுக்குள் ஓடும் ஓத அலை) வெப்பச்சரிவு அடுக்கைப் பத்து, இருபது மீட்டர் ஏற்றி இறக்கும் இடங்களில், 10 நாளுக்கு ஒரு புரொஃபைல் அந்த அசைவின் எந்தக் கட்டத்தில் சிக்கியது என்று சொல்ல வழியில்லை. கண்டத்திட்டும் கழிமுகமும் இந்த வலைக்கு வெளியே; கரையோர ஆய்வேட்டுக்கு ஆர்கோவைப் பிடித்துக்கொண்டு ஓராண்டைக் கரைக்காதீர்கள். 1,000 மீட்டர் நீரோட்டத்தை இடப்பெயர்ச்சியிலிருந்து கணக்கிடலாம். அதில் ஏறும்போதும் இறங்கும்போதும் மேற்பரப்பிலும் நகர்ந்தது கலந்திருக்கும், அதைக் கழிக்காமல் வேகம் என்று எழுதக்கூடாது.

ஒவ்வொரு பைலாகக் கையாள நேரமில்லாதவர்களுக்கு ரோம்மிக்–கில்சன் கட்டத்தொகுப்பு (புரொஃபைல்களைச் சீரான கட்டங்களுக்கு இடைக்கணித்த தரவு) இருக்கிறது: 1 டிகிரி, மாதாந்திரம், 2004 முதல், 58 அழுத்த மட்டங்கள். பருவச் சுழற்சியும் பெருங்கடல் அளவிலான போக்கும் காட்ட மிக நல்லது. ஆனால் தரவு இல்லாத இடத்தையும் அது வழவழப்பாக நிரப்பிவிடும், முதலாண்டு மாணவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஒரு பருவம் மூல பைல்களோடு மல்லுக்கட்டிய பிறகு கட்டத்தொகுப்பைக் கொடுப்பதே முறை.

கடைசியாக மேற்கோள். பைல்கள் நிலையானவை அல்ல. இன்று 'ஆர்' ஆக இருப்பது ஓராண்டு கழித்து 'டி' ஆகலாம், 'டி' பைலே மறுபடி திருத்தப்படலாம். அதே நிரலை ஆறு மாதம் கழித்து ஓட்டினால் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்து எண்கள் மாறி நிற்கும். இதற்காகவே ஒவ்வொரு மாதமும் முழுத் தொகுப்பின் நகல் ஒன்று தனி அடையாள எண்ணோடு சேமிக்கப்படுகிறது. முதல் பைலை இறக்கும் நாளிலேயே எந்த மாத நகல் என்று முடிவு செய்து, அந்த எண்ணை நிரலின் முதல் வரியிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.